அடிபட்டதாகக் கூறப்படுகிறது

அய்யாசாமியின் தலையில் அந்தக் கறையை முதலில் பார்த்தவன் நான் அல்ல. அதற்குக் காரணம் கண்டுபிடித்தவன் நான்.

பட்டாபிராமில் எங்கள் வீட்டிலிருந்து நான்காவது வீடு அவருடையது. மிலிட்டரி சைடிங்கில் முப்பது வருடம் கூட்ஸ் வண்டி மூட்டை இறக்கி ஓய்வு பெற்றவர். தலையில் முடி என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது. ஆகவே வலது நெற்றிக்கு மேலே கத்தரிப்பூ நிறத்தில், நாலணாக் காசு அகலத்துக்கு ஒரு கறை உண்டானபோது அது தெருவுக்கே தெரிந்தது. கேட்டவர்களிடம் எல்லாம், "தெர்ல நைனா, தானா வந்துச்சு" என்றார். தானாக வந்த விஷயத்தில் தெருவுக்கு என்ன சுவை இருக்க முடியும்?

அது 1972. ரேஷன் கடையில் அரிசி கேட்டவர்களுக்குக் கோதுமை போட்டுக்கொண்டிருந்தார்கள். அய்யாசாமியின் மருமகள் ஞானகுமாரி, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்க்ரூ எண்ணிப் பொட்டலம் கட்டும் வேலை முடிந்து வந்து, தினமும் சாயங்காலம் சப்பாத்தி தேய்ப்பாள். கட்டை பலகையில் படும் சத்தம் எங்கள் வீடு வரை கேட்கும். அவள் நசரத்பேட்டைக் கத்தோலிக்கப் பெண். அய்யாசாமியின் மகன் எத்திராஜ் யாரையும் கேட்காமல் கட்டிக்கொண்டு வந்தவன். கறை, கட்டை, கலப்புக் கல்யாணம் மூன்றும் அதுவரை தனித்தனியாகத்தான் இருந்தன. சேர்த்து வைத்த புண்ணியம் என்னைச் சேரும்.

நான் அப்போது மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. பெயர் நாகேந்திரன். தெருவில் 'அர டாக்டர்' என்பார்கள். கல்லூரியில் என்னைத் தெரிந்தவர்களுக்கு நான் 'அரிப்பு' ஆசிரியர். அது மாதம் ஒரு தடவை வரும் கையெழுத்துப் பத்திரிகை. ஒரே ஒரு பிரதி. ஒரே ஆள் எழுதுவான், கல்லூரியிலும் காலை ரயிலிலும் எல்லோரும் திட்டிக்கொண்டே படிப்பார்கள். என்னிடம் இருந்த ஒரே திறமை, எதைச் சொன்னாலும் முகம் மாறாமல் சொல்வது.

காலை வண்டியில் துண்டு விரித்துச் சீட்டு ஆடும் கும்பல் எங்களுடையது. அதில் மதுரைவீரன் என்று ஒருவன், அச்சாபீஸில் வேலை. ஒருநாள் அவன் கேட்டான்: "மாமே, உங்க தெருவுல அந்தப் பெருசு மண்டைல இன்னா அது, கரேல்னு?"

"பூரிக்கட்டை," என்றேன்.

"இன்னாது?"

"சப்பாத்தி ரவுண்டா வர்லன்னு மாமனாரு கொற சொன்னாரு. மருமவ அவரு மண்டையிலயே ஒரு ரவுண்டு போட்டுக் காட்டிச்சு."

இந்து கல்லூரி ஸ்டேஷனில் ஆரம்பித்த சிரிப்பு அம்பத்தூர் தாண்டியும் அடங்கவில்லை. அந்த மாத 'அரிப்பி'ல் அது அரைப்பக்கம் வந்தது.

எட்டாம் நாள் என் அம்மா எனக்குத் தோசை போட்டுக்கொண்டே செய்தி சொன்னாள். "தெரியுமாடா, அந்த ஞானகுமாரி மாமனாரைப் பூரிக்கட்டையால போட்டுட்டாளாம். குழாயடில நாகம்மா சொன்னா. அவ தம்பி வண்டியில கேட்டுக்கினு வந்தானாம்."

என் நகைச்சுவை எனக்கே செய்தியாகத் திரும்பி வந்திருந்தது. சப்பாத்தி வட்டம் எல்லாம் உதிர்ந்துபோய், கட்டையும் மண்டையும் மட்டும் மிஞ்சியிருந்தன. நான் மறுத்திருக்கலாம். வாயில் தோசை இருந்தது. தோசையை விழுங்கிய பிறகும் மறுக்கவில்லை. அதற்கு இன்றுவரை நல்ல காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

பஞ்சாயத்துக் குழாயடியில் ஞானகுமாரி குடத்தோடு வந்தால் பெண்கள் பேச்சை நிறுத்தி இடம் விட்டு நின்றார்கள். "அவ அடிக்கலம்மா, சத்தியமா அடிக்கல" என்று அய்யாசாமி தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். பாவம், பயந்துகினு சொல்றாரு என்றார்கள்.

கறை வளர்ந்தது. நாலணா எட்டணா ஆகி, பிறகு உள்ளங்கை ஆனது. தலையணையில் ரத்தம் கசிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஞானகுமாரி எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"தம்பி, மாமாவ உங்க ஆஸ்பத்திரில காட்டணும். உங்கள விட்டா எனக்கு யாரு கீறாங்க? எங்கூட இந்தத் தெருவுல பேசறதே நீங்க ஒருத்தருதான்."

அவளிடம் பேசுவதற்கு எனக்குத் தனிக் காரணம் இருந்தது என்பது அவளுக்குத் தெரியாது. "வாங்க அண்ணி, நாளைக்கே போலாம்" என்றேன்.

மறுநாள் நான் பயிற்சியில் இருந்த அறுவைப் பிரிவுக்கே கூட்டிப் போனேன். ஹவுஸ் சர்ஜன் செபாஸ்டியன் என் பத்திரிகையின் வாசகன். அய்யாசாமிக்கு மரப்பு ஊசி போட்டு, கறையின் ஓரத்தில் பச்சைப் பட்டாணி அளவு சதை வெட்டி, பார்மலின் புட்டியில் போட்டான். "ஃபார்ம் நீ எழுதுடா மச்சான், எனக்கு இன்னும் பதினோரு பேரு நிக்கறாங்க" என்றான்.

சதையைப் பரிசோதிக்க அனுப்பும்போது கூடவே ஒரு ஃபார்ம் போகும். பெயர், வயது, எந்த இடத்துச் சதை, அப்புறம் 'நோய் வரலாறு' என்று நான்கு கோடு. பெரிய டாக்டர்கள் அந்த நான்கு கோட்டைத் தொட மாட்டார்கள். அது மாணவன் வேலை. செபாஸ்டியன் காலையிலிருந்து சிரிக்கவே இல்லை. அவனைச் சிரிக்க வைக்கலாம் என்று தோன்றியது. ஆங்கிலத்தில், மிகவும் பொறுப்பான கையெழுத்தில் எழுதினேன்: 'நான்கு மாதங்களுக்கு முன் மருமகள் பூரிக்கட்டையால் அடித்ததாகக் கூறப்படுகிறது. அதன்பின் ரத்தக்கட்டு.'

கூறப்படுகிறது என்பது அருமையான சொல். யார் கூறினார் என்று அது சொல்லாது.

செபாஸ்டியன் படித்தான், சிரித்தான், சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான். அதற்குள் அடுத்த நோயாளி உள்ளே வந்துவிட்டார். வார்டுபாய் ஃபார்மைப் புட்டியில் சுற்றி ரப்பர் போட்டு எடுத்துப் போய்விட்டார். கிழித்துவிட்டு வேறு எழுதத்தான் நினைத்திருந்தேன். புது ஃபார்ம் கட்டு பத்தடி தூரத்து அலமாரியில் இருந்தது. பின்னாலேயே ஓடியிருக்கலாம். மணி ஒன்று. கேன்டீனில் பிரியாணி நாள்.

வெளியே பெஞ்சில் ஞானகுமாரி முந்தானையால் அய்யாசாமியின் தலைக்கட்டின் ஓரத்தில் கசிந்ததைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "நோவுதா மாமா?" "இல்ல கண்ணு, எறும்பு கடிச்சாப்பல கீது."

பத்து நாளில் ரிப்போர்ட் வந்தது. 'ஆறிவரும் ரத்தக்கட்டு. அடிபட்ட வரலாற்றோடு ஒத்துப்போகிறது. புற்று இல்லை.' நானே வாங்கிக்கொண்டு போய் ஞானகுமாரியிடம் கொடுத்தேன். "கேன்சர் இல்ல அண்ணி. பயப்படாதீங்க" என்றேன். மூன்று வாக்கியத்தில் கடைசி வாக்கியத்தை மட்டும் மொழிபெயர்த்தேன்.

எத்திராஜ் தாளை வேலைக்கு எடுத்துப் போனான். நடு வாக்கியத்தை அங்கே அவன் சூப்பர்வைசர் மொழிபெயர்த்தார்.

அன்று சாயங்காலம் நான்காவது வீட்டிலிருந்து சப்பாத்திச் சத்தம் வரவில்லை. எத்திராஜின் குரல் வந்தது. "ஊர்ல சொன்னப்ப நான் நம்பலடி. இப்ப டாக்டரே எழுதிக் குடுத்துகீறாரு. சீல் குத்திகீது பாரு!" அய்யாசாமி, "டேய், எம் மண்டைடா இது, எனுக்குத் தெரியாதா?" என்று கத்தினார். சீல் குத்திய தாளுக்கு முன்னால் மண்டைக்காரரின் சாட்சி எடுபடவில்லை. ஞானகுமாரி ஒரு டிரங்குப் பெட்டியோடு நசரத்பேட்டைக்கு அம்மா வீடு போனாள். போகும்போது என் வாசலைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கத்திலிருந்து நகர்ந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு ஐந்து வாரம். அய்யாசாமிக்குத் தலைக்குக் கட்டுப் போட ஆள் இல்லை. எத்திராஜ் ஷிப்டுக்குப் போய்விடுவான். அவரே ஒரு கைலித் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் அவிழ்த்துக் காட்டினார். கறை காதுப் பக்கம் இறங்கியிருந்தது. நடுவில் நாவற்பழம் போல இரண்டு மூன்று முடிச்சுகள்.

"டாக்டரு நைனா, அடிபட்ட காயம் இப்டி ஊருமா?"

ஊராது. அடிபட்ட ரத்தக்கட்டு நீலமாகி, பச்சையாகி, மஞ்சளாகி, மூன்று வாரத்தில் போய்விடும். அதைத் தெரிந்துகொள்ள மருத்துவக் கல்லூரிகூட வேண்டாம், பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியிருந்தால் போதும். இது ஆறு மாதமாக ஒரே நிறத்தில் பெரிதாகிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. உடனே ஓடினேன் என்று எழுத ஆசைதான். ஒன்பது நாள் கழித்துத்தான் போனேன். ஃபார்மை எழுதிய கை என்னுடையது. கல்லூரியிலிருந்து வெளியே தள்ளிவிடுவார்கள். ஒன்பது நாளும் அவரைக் குறித்து ஒரு தடவை யோசித்தால் என்னைக் குறித்து நாலு தடவை யோசித்தேன்.

நோய்க்குறியியல் துறையில் அந்த ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டவர் டாக்டர் ஜெயசீலி. மைக்ரோஸ்கோப்பிலிருந்து நிமிராமலே, "என்ன?" என்றார். ரிப்போர்ட் எண்ணைச் சொன்னேன். பழைய ஃபார்மைத் தேடி எடுத்து மேஜையில் வைத்தார்.

"இது யாரோட எழுத்து?"

"என்னுது மேடம்."

"கூறப்படுகிறதுன்னு எழுதியிருக்கே. யார் கூறினது?"

"நான்தான்."

"நீ பார்த்தியா, அவ அடிச்சதை?"

"யாரும் அடிக்கல மேடம். அது ஜோக்."

முகம் மாறாமல் சொல்லும் என் திறமை அன்று உதவவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை. தட்டிலிருந்து பழைய ஸ்லைடை எடுத்து லென்ஸுக்கு அடியில் வைத்தார். வெகுநேரம் பார்த்தார்.

"காயம் ஆறும்போது புதுசா சின்னச் சின்ன ரத்தக்குழாய் முளைக்கும்," என்றார், என்னிடம் அல்ல, தனக்கே சொல்வதுபோல. "அதைத்தான் பார்க்கறேன்னு நெனச்சேன். இந்த ஓரத்துல நாலு செல் சரியில்லாம இருக்கு. அன்னிக்கும் பார்த்தேன். அடிபட்ட இடம்தானேன்னு விட்டுட்டேன். முதல்ல ஃபார்மைப் படிச்சேன் பாரு." பிறகு சத்தமாக, "கஜபதி! இந்த பிளாக்கை எடுங்க. இன்னும் ஆழமா வெட்டணும்."

கஜபதி அங்கே டெக்னீஷியன். மெழுகில் புதைத்து வைத்திருந்த சதைத் துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "மேடம், உள்ள கொஞ்சூண்டுதான் கீது. தப்பா ஒரு சீவல் போச்சுன்னா அவ்ளோதான்."

"போகக் கூடாது."

ஐஸில் வைத்துக் குளிரப்படுத்திய மெழுகுக் கட்டியை அவர் கத்தியில் சீவினார். வெங்காயத் தோலைவிட மெல்லிய நாடா ஒன்று கத்தியின் மேல் நீண்டது. வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடியில் ஏந்தினார். ஒவ்வொரு சீவலையும் நான் எண்ணினேன். பன்னிரண்டு சீவல் கிடைத்தது. பதிமூன்றாவதில் வெறும் மெழுகு. சிலவற்றுக்கு வழக்கமான சாயம், சிலவற்றுக்கு வெள்ளி உப்புச் சாயம். அது மறுநாள்தான் தயாராகும் என்றார்கள்.

மறுநாள் நான் கேட்காமலே டாக்டர் ஜெயசீலி நாற்காலியை விட்டு எழுந்துகொண்டார். நான் குனிந்து பார்த்தேன்.

ரத்தக்குழாய் என்றால் அதற்கு ஒரு ஆரம்பமும் ஒரு போக்கும் இருக்கும். இங்கே எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று திறந்து, தோலின் நார்களைப் பிளந்துகொண்டு, இண்டு இடுக்கெல்லாம் ஊர்ந்து போயிருந்தது. குழாயின் உட்சுவரில் ஒற்றை வரிசையாகப் படிந்திருக்க வேண்டிய செல்கள், கறுத்துப் பருத்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறி உள்ளே தொங்கின. வெள்ளிச் சாயம் போட்ட ஸ்லைடில் ஒவ்வொரு குழாயையும் சுற்றி மெல்லிய கறுப்பு இழை தெரிந்தது. கெட்டுப்போன செல்கள் எல்லாம் அந்த இழைக்கு உள்ளே இருந்தன. வேறெங்கிருந்தோ வந்து குழாயைப் பிடித்த புற்று அல்ல அது. குழாயே புற்றாக மாறியிருந்தது.

"ஆஞ்சியோசார்கோமா," என்றார் டாக்டர் ஜெயசீலி. "ரத்தக்குழாய்ப் புற்று. ரொம்ப அபூர்வம். வயசானவங்க தலையில இப்படித்தான் வரும், அடிபட்ட மாதிரியே. இருபத்திரண்டு வருஷத்துல எனக்கு இது ரெண்டாவது."

"மேடம், அன்னிக்கே தெரிஞ்சிருந்தா..."

"தெரியாது. அன்னிக்கே உள்ள தூரமா பரவியிருக்கலாம். பரவாமலும் இருந்திருக்கலாம். உனக்கு வசதியானதை எடுத்துக்கிட்டு நிம்மதியாகிடாதே. நானும் எடுத்துக்கப் போறதில்லை." ஒரு புது ஃபார்மை என் பக்கம் தள்ளினார். "எழுது. இந்தத் தடவை நடந்ததை எழுது."

'அடிபட்டதாக வரலாறு இல்லை' என்று எழுதினேன். போதாது என்றார். அதற்குக் கீழே, 'முன்பு குறிப்பிட்ட வரலாறு, எழுதியவனின் கற்பனை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் தன் பங்குக்குத் தன் பிழையையும் சேர்த்துக் கல்லூரி முதல்வருக்குக் கடிதம் எழுதினார். எனக்கு ஆறு மாதம் கல்லூரி கிடையாது என்று பிறகு உத்தரவு வந்தது. அவருக்கு என்ன வந்தது என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

அறுவைப் பிரிவில், வெட்டி எடுக்க முடியாத அளவுக்குப் பரவிவிட்டது, கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்துப் பார்க்கலாம் என்றார்கள். எத்திராஜிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் கீழே உட்கார்ந்து, "நான் அவள அன்னிக்கு வாடி போடின்னு பேசிட்டேனே" என்று அழுதான். அவளைக் கூப்பிட அவனுக்கு முகம் இல்லை. "நீயே போடா. நீ ஆரம்பிச்சத நீயே போயி முடி" என்றான்.

பூந்தமல்லியில் பஸ் மாறி நசரத்பேட்டைக்குப் போனேன். ஞானகுமாரி வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். வண்டி, பூரிக்கட்டை, ஃபார்ம், ஐந்து வாரம், ஒன்பது நாள். எதையும் விடவில்லை. அவள் பிழிந்த துணியை மறுபடியும் பிழிந்தாள். சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

"மாமாவுக்கு யாரு கட்டுப் போடறது?"

"அவரேதான்."

"இன்னா சாப்புடறாரு?"

"ஹோட்டல்ல எத்திராஜ் அண்ணன் வாங்கியாந்து வெக்கிறாரு."

"பொழைப்பாரா?"

"மாட்டாரு அண்ணி."

துணியைக் கொடியில் போட்டாள். அதுவரை என்னை 'நீங்க' என்றே பேசியவள், திரும்பி நின்று கேட்டாள்: "நீயா? நீயா சொன்ன அத?"

"ஆமா."

"என்னாண்ட வந்து சொன்னா ஆச்சா? எனுக்குத்தான் நான் அடிக்கலன்னு மொதல்லயே தெரியுமே. எங்க சொல்லணுமோ அங்க போயி சொல்லு. குழாயடில சொல்லு. நான் பக்கத்துல நிக்கிறேன்."

அன்றே பெட்டியோடு திரும்பி வந்தாள். மறுநாள் காலை ஆறு மணிக்குத் தண்ணீர் வந்தது. வரிசையில் பதினைந்து குடம். ஞானகுமாரி தன் குடத்தோடு கடைசியில் நின்றாள். நான் நடுவில் போய் நின்று, "ஒரு விஷயம் சொல்லணும். ஞானகுமாரி அண்ணி யாரையும் அடிக்கல. அய்யாசாமிக்கு வந்தது ஒரு கேன்சர். பூரிக்கட்டைன்னு ஒரு பொய்ய வண்டியில கட்டிவிட்டது நான்" என்றேன்.

குழாய்க்குக் கீழே இருந்த குடம் நிரம்பி வழிந்தது. பிறகு நாகம்மா கலகலவென்று சிரித்தாள். "அய்ய! இந்த அர டாக்டர் மூஞ்சிய பாரேன். இன்னாமா நடிக்கிறான்!" எல்லோரும் சிரித்தார்கள். "ராவுலயே ரோசன பண்ணிகினு வந்துகீறான்டி" என்றாள் இன்னொருத்தி.

"நெசமாத்தான் சொல்றேன்," என்றேன். சிரிப்பு அதிகமானது. ரிப்போர்ட்டைப் பிரித்துக் காட்டினேன். ஆங்கிலம். "இதுவும் உன் அரிப்புப் புஸ்தகமா?" என்றாள் நாகம்மா. வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான் யாரும் சிரிக்கக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டேன். என் முகம் எப்போதும் போலவே இருந்தது என்று நினைக்கிறேன். அதை எப்படி மாற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஞானகுமாரியின் முறை வந்தது. குடத்தை வைத்தாள். நிரம்பியதும் இடுப்பில் ஏற்றினாள். சிரிக்கிற யாரையும் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"நாளைக்கும் வந்து சொல்லு," என்றாள்.

மறுநாளும் சொன்னேன். பாதிப்பேர் சிரித்தார்கள். மூன்றாம் நாள் இரண்டு பேர். நான்காம் நாள் நாகம்மா சிரிக்கவில்லை. "தூ" என்று என் காலடியில் துப்பிவிட்டு, ஞானகுமாரியின் குடத்தைத் தன் குடத்துக்கு முன்னால் நகர்த்தி வைத்தாள். ஞானகுமாரி அதை எடுத்துக் குழாய்க்குக் கீழே வைத்தாள். அன்று அய்யாசாமிக்கு முதல் கரண்டு. ஏழு மணி வண்டியைப் பிடிக்க வேண்டும் என்பதால் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தாள். அவரை ஒரு பக்கம் தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. எத்திராஜுக்குக் காலை ஷிப்டு. நான் பின்னாலேயே போனேன். அவள் திரும்பிப் போ என்று சொல்லவில்லை.